தழைச்சத்துக்கு ஓர் அரசாணை

நம் நாட்டில் கைரேகை வைக்காமல் யூரியா வெளியே வராது. நாற்றுப் பறித்துத் தேய்ந்த கட்டைவிரல் மிஷினில் பதியாது. வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்தி, 45 கிலோ மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு டெல்டா விவசாயி வாங்கி வருகிறார். சமயத்தில் கூடவே கேட்காத ஒரு பாட்டிலையும் கடைக்காரர் தலையில் கட்டுகிறார். மூட்டைக்குள் இருக்கும் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து யார் பெயரில் போனது என்பது டெல்லிக்குத் தெரியும். வயலில் விழுந்த பிறகு அது எங்கே போனது என்று கேட்கத்தான் நாதியில்லை.

போகிற வழி ஒன்றும் ரகசியமல்ல. தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியா சில நாட்களில் அமோனியமாகிவிடும். பாசி படர்ந்த தண்ணீரில் பகலில் காரத்தன்மை ஏறும். அமோனியம் அமோனியா வாயுவாகிக் கிளம்பிவிடும். முறைத் தண்ணீர் வராமல் வயல் வெடித்தால் மண்ணுக்குள் காற்று புகும், எஞ்சியது நைட்ரேட்டாகும். மறுபடி மடை திறந்ததும் அதில் ஒரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்கும். இன்னொரு பங்கைக் காற்றில்லாத சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வாயுவாக்கிவிடும். அந்த வாயுவில் கலந்து போகிற நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். நெல்லுக்குக் கிடைப்பது பெரும்பாலும் போட்டதில் பாதிகூட இல்லை.

தண்ணீரை வடித்துவிட்டு, ஐந்து பங்கு யூரியாவுக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஓர் இரவு வைத்திருந்து போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். நல்ல யோசனைதான். வடிப்பது எங்கே? வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' விவசாயம் செய்யுங்கள் என்று துண்டறிக்கை வேறு கொடுக்கிறார்கள். கடைமடையில் காய்ச்சலை அரசாங்கமே ஏற்பாடு செய்துவிடுகிறது. பாய்ச்சலுக்கு ஐப்பசி மழைதான் கதி. அது வந்தால் பாய்ச்சலோடு நிற்காது, மூழ்கடித்துவிட்டுத்தான் போகும்.

இதற்கெல்லாம் அரசாங்கம் கண்ட தீர்வைக் கேளுங்கள். விவசாயி மூட்டைக் கணக்கில்தானே போடுகிறான் என்று 2018-இல் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கினார்கள். 2023-இல் கந்தகம் பூசிய 'யூரியா கோல்டு' வந்தது. மூட்டை 40 கிலோ, விலை அதே 266.50. இப்படியே போனால் ஒருநாள் வெறும் சாக்கைக் கொடுத்து ரசீது போடுவார்கள். நடுவில் 2021-இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் நானோ யூரியா. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். பாட்டிலில் இருந்த தழைச்சத்து 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். நெல்லும் கோதுமையும் விளைச்சல் குறைந்ததாகப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் சோதித்துச் சொன்னது. அதனாலென்ன, பயிருக்கா பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கத் தெரியும்?

கைரேகை கேட்காத தழைச்சத்தும் இந்த மண்ணில் உண்டு. சம்பா அறுக்கப் பத்து நாள் இருக்கும்போதே மிச்ச ஈரத்தில் உளுந்து தெளிப்பார்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை இலவசமாக இழுத்துக் கொடுக்கும். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக் கிடை போடுவார்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவார்கள். இன்று அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் உளுந்து முளை நசுங்குகிறது. கிடை போட்ட வயலில் கலர் கொடி கட்டி மனை அளக்கிறார்கள். மானியத்தில் பெரும்பங்கோ இன்னும் மூட்டைக்குத்தான்.

மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. வயலில் தண்ணீர் நிற்கிறதா, வடிகிறதா என்பது அதில் இல்லை. குறைதீர் கூட்டத்தில் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி எழுந்தால், "யூரியா எங்கள் துறை, தண்ணீர் நீர்வளத் துறை" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். கையோடு, உரத்தை அள்ளிக் கொட்டிச் சூழலைக் கெடுப்பது நீங்கள்தான் என்று நமக்கே ஒரு வகுப்பு. சரி, வேளாண்மைத் துறை கொடுத்த தழைச்சத்து நீர்வளத் துறையின் தண்ணீரில் உரிய அனுமதியின்றிக் கரையக் கூடாது என்று ஓர் அரசாணை போட்டுவிடுங்களேன்!