பணிவின் இரண்டு முகங்கள்: ருடால்ஃப் ஹ்ருஷீன்ஸ்கி கேள்வி-பதில்

கே: உலகத்தில் எத்தனையோ நடிகர்கள் இருக்க, ஒரு செக் நடிகரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்களே. யார் இந்த ருடால்ஃப் ஹ்ருஷீன்ஸ்கி?

ப: தலையில் வைத்துக் கொண்டாட வேண்டிய ஆள்தான். 1920இல் பிறந்து 1994இல் மறைந்தார். பிராக் தேசிய நாடக அரங்கின் நடிகர். திரையில் செக் மக்களுக்கு மிகப் பிடித்த கோமாளியும் அவர்தான், அவர்களை மிகவும் நடுங்கவைத்த கொலைகாரனும் அவர்தான். இரண்டுக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை.

கே: நாடகக் குடும்பமா?

ப: அக்மார்க். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட கூட்டத்தில் வந்தவர். தெற்கு பொஹீமியாவில் நோவா வ்செல்னிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பெயர் ருடால்ஃப், இவர் ருடால்ஃப், மகன் ருடால்ஃப், பேரனும் ருடால்ஃப். நாலு பேரும் நடிகர்கள். இன்னொரு மகன் யானும் நடிகர்தான். 2004இல் பிராகில் சொந்தமாக ஒரு நாடக அரங்கே தொடங்கினார்.

கே: தொழில் கற்றது எங்கே?

ப: வீட்டிலேயே பாதி. மீதி, எமில் ஃப்ரான்டிஷெக் புரியனின் சோதனை நாடக அரங்கில். 1941இல் நாஜிகள் அந்த அரங்கை இழுத்து மூடி, புரியனை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். நாடகம் என்பது ஆபத்தான வேலை என்பதை ஹ்ருஷீன்ஸ்கி இருபது வயதிலேயே கண்ணெதிரே பார்த்துவிட்டார்.

கே: ஷ்வெய்க் என்ற படைவீரன் வேடத்தில் அப்படி என்ன செய்துவிட்டார்?

ப: எதையும் மிகையாகச் செய்யவில்லை, அதுதான் விசேஷம். யாரோஸ்லாவ் ஹாஷெக் முடிக்காமலே விட்டுவிட்டு 1923இல் போய்ச் சேர்ந்த நாவலின் நாயகன் ஷ்வெய்க். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையில் மாட்டிக்கொண்ட ஒரு சாமானியனின் கதை. அந்த நாவலுக்கு யோசெஃப் லாடா வரைந்த உருண்டை முகம் ஒவ்வொரு வாசகன் மனதிலும் ஏற்கெனவே பதிந்திருந்தது. அதை மீறி ஒரு நடிகன் என்ன செய்ய முடியும்? 1956, 1957இல் கரெல் ஸ்தெக்லி இயக்கிய இரண்டு படங்களில் ஹ்ருஷீன்ஸ்கி அந்த முகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு அமைதியை வைத்தார். மேலதிகாரி கத்தக் கத்த இவர் முகம் மேலும் மேலும் தெளிகிறது. இவன் முட்டாளா, எல்லோரையும் முட்டாளாக்குகிறானா? கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது. கண் சிமிட்டி நமக்கு ரகசியம் சொல்லும் வேலையே இல்லை. வேறு யாராவது நடித்திருந்தால் அந்தக் கண்சிமிட்டல் நிச்சயம் இருந்திருக்கும்.

கே: அந்தக் கொலைகாரப் படம்?

ப: ‘பிணம் எரிப்பவன்’. 1969. லாடிஸ்லாவ் ஃபுக்ஸின் நாவல், யுராய் ஹெர்ஸின் இயக்கம். சிறுவனாக நாஜி முகாம்களில் அடைபட்டு உயிர்தப்பியவர் ஹெர்ஸ். கதை நடப்பது 1930களின் இறுதியில், நாஜிகள் செக் நாட்டை விழுங்கும் நேரத்தில். தகனச் சாலை ஒன்றில் வேலை பார்க்கும் கோப்ஃப்ர்கிங்கல் என்ற குடும்பஸ்தன். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், இசை என்றால் உயிர், மனைவி மக்களைக் கொஞ்சிக்கொண்டே இருப்பான். உடலை எரித்தால் ஆன்மாவுக்கு விடுதலை என்று உளமார நம்புகிறான். உன் உடம்பில் ஒரு துளி ஜெர்மன் ரத்தம் ஓடுகிறது என்று நண்பன் ஒருவன் ஓதுகிறான். மனைவியின் தாய் யூதர். அப்புறம் என்ன நடக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு சீப்பு வருகிறது. சவப்பெட்டியில் கிடக்கும் பிணத்தின் தலையை அன்பாக வாரிவிடுகிறான். பிறகு அதே சீப்பால், யோசிக்காமல், தன் தலையையும் வாரிக்கொள்கிறான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. கொழுத்த விரல்களும் ஒரு சீப்பும்தான். எனக்கு அதற்குமேல் பயமுறுத்தும் காட்சி சினிமாவில் கிடைக்கவில்லை.

கே: ஷ்வெய்க்குக்கும் இவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாதே?

ப: அடுத்த வீட்டுக்காரர்கள். இருவருமே சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். ஷ்வெய்க் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியே பேரரசைக் கேலிக்கூத்தாக்குகிறான். கோப்ஃப்ர்கிங்கல் கீழ்ப்படிந்து கீழ்ப்படிந்தே கொலைகாரன் ஆகிறான். பணிவு மனிதனைக் காப்பாற்றவும் செய்யும், பேயாக்கவும் செய்யும் என்பதை ஒரே சாந்தமான குரலில் நடித்துக் காட்டிய வேறு நடிகர் எனக்குத் தெரிந்து இல்லை.

கே: நிஜ வாழ்க்கையில் அவர் பணிந்தாரா?

ப: நல்ல கேள்வி. 1968 ஜூனில் லூத்விக் வாட்சுலிக் எழுதிய ‘இரண்டாயிரம் சொற்கள்’ அறிக்கை வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் தொடங்கியிருந்த சீர்திருத்தத்தை மக்களே முன்னெடுக்க வேண்டும் என்று கேட்டது. ஹ்ருஷீன்ஸ்கி அதில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. பிறகு ஆட்சியாளர்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறு என்றார்கள். அவர் பெறவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் சில ஆண்டுகள் அவருக்குக் கதவைச் சாத்தின.

கே: அந்த ஆண்டுகளை எப்படி ஓட்டினார்?

ப: தேசிய அரங்கின் மேடை இருந்தது. மக்கள் காசு போட்டுக் கட்டி, 1881இல் எரிந்து, மீண்டும் மக்கள் காசிலேயே 1883இல் எழுந்த அரங்கு. 1972இல் ஸ்பெயினின் சிட்ஜெஸ் விழாவில் ‘பிணம் எரிப்பவன்’ படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது. சொந்த நாட்டிலோ அந்தப் படத்தையே பல ஆண்டுகள் மக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

கே: தடைபட்டது அந்த ஒரு படம்தானா?

ப: இன்னொன்றும் உண்டு. யிரி மென்ஸெல் இயக்கிய ‘நூலில் கட்டிய வானம்பாடிகள்’. போஹுமில் ஹ்ரபாலின் கதை. பழைய இரும்புக் கிடங்கில் பேராசிரியரும் சாக்ஸபோன் கலைஞரும் தண்டனை வேலை செய்கிறார்கள். அவர்களை மேய்க்கும் ஆளாக ஹ்ருஷீன்ஸ்கி. 1969இல் எடுத்தது, 1990இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் பெர்லினில் தங்கக் கரடி.

கே: சிரிக்கவைக்கும் படம் ஏதும் உண்டா?

ப: தாராளமாக. ‘அடேலா இன்னும் சாப்பிடவில்லை’ என்ற படத்தில் ஆள் விழுங்கும் செடியைத் துப்பறியும் அமெரிக்கருக்குத் துணையாகப் போகும் பிராக் காவல் அதிகாரி, சாப்பாட்டிலேயே குறி. 1985இல் வந்த மென்ஸெலின் ‘என் அருமைக் கிராமமே’ படத்தில் ஊர் டாக்டர். அழகான நிலக்காட்சியைப் பார்த்துக் கவிதை சொல்லிக்கொண்டே காரை ஓட்டி எங்காவது முட்டிக்கொள்வார். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம்.

கே: அரசியலுக்கு வந்தாராமே?

ப: கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சிக்குப் பிறகு, குடிமக்கள் மன்றம் என்ற அரசியல் இயக்கத்தின் சார்பில் கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் 1991இல் ‘ஆரம்பப் பள்ளி’ படத்தில் தலைமை ஆசிரியராக வந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அதில் அவரோடு நடித்தவர் யான் த்ரிஷ்கா, 1977இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் சந்தித்தார்கள்.

கே: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ப: முதலில் ‘என் அருமைக் கிராமமே’, குடும்பத்தோடு. அடுத்து ஷ்வெய்க். ‘பிணம் எரிப்பவன்’ படத்தைக் கடைசியாக, பெரியவர்கள் மட்டும் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள்; அவரை முதலில் நேசித்துவிட்டுப் போனால்தான் அந்தப் படத்தின் பயம் முழுசாகப் புரியும்.