பாலைத்திணையும் பயணப்படியும்

சங்க இலக்கியத்தில் மேலாண்மை, சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை, சங்க இலக்கியத்தில் மனிதவள மேலாண்மை என்று கருத்தரங்கக் கோவைகள் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகின்றன. அவற்றை வாங்குவோர் அவற்றில் எழுதியவர்களே என்பதும், தத்தம் கட்டுரை உள்ள பக்கத்தைத் தாண்டி அவர்கள் போவதில்லை என்பதும் வேறோர் ஆய்வுக்கு உரியவை. இத்தனை பேர் சல்லடை போட்டுச் சலித்த பிறகும் அகப்பொருள் இலக்கணத்தில் ஒரு பெரிய துறை கேட்பாரற்றுக் கிடப்பதை இக்கட்டுரை முதன்முறையாகச் சுட்டுகிறது (ஆய்வுக் கட்டுரைகள் எதையும் இரண்டாம் முறையாகச் சுட்டுவதில்லை). அரசு ஊழியரை வெளியிடத்துப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தல் என்பதே அத்துறை. அது நிர்வாகவியல் அன்று, கல்வியியலும் அன்று. அது அகத்திணை, அகத்திணையுள்ளும் பாலை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. வெளிப்பயிற்சி எனப்படும் செயலில் முதலிலிருந்து முடிவு வரை நடப்பதும் பிரிவு ஒன்றே. கற்றல் என்னும் பொருள் நடுவில் எங்கேனும் தென்பட்டால் அதை இடைச்செருகல் என்று கொள்க.

முதலில் ‘வெளி’ என்ற சொல். இதற்குப் பொருள் கொள்வதில் மூன்று மரபுகள் உள. துறைக்கு வெளியே உள்ள நிறுவனம் நடத்துவது வெளிப்பயிற்சி என்பர் நிர்வாகப் பிரிவினர். ஒதுக்கீட்டிலிருந்து பணம் வெளியே போனால்தான் அது வெளிப்பயிற்சி என்பர் கணக்குப் பிரிவினர். பயிற்சிக்குப் போகிறவரோ ஊருக்கு வெளியே என்று மட்டுமே பொருள் கொள்வார். மத்திய அரசின் துணை விதிகள் தினப்படிக்கு 8 கிலோமீட்டர் ஆரத்தை எல்லையாக வைத்திருப்பதால், மூன்று உரைகளுள் விதியின் ஆதரவு பெற்றது கடைசி உரையே. பவானிசாகரில் 1974 முதல் இயங்கும் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இங்கே ஆராயப்படவில்லை. அங்கே போகாவிட்டால் தகுதிகாண் பருவம் முடியாது, கட்டாயத்தால் நிகழும் பிரிவை அகப்பொருள் ஏற்பதில்லை. முசோரி அகாடமியும் விலக்கப்படுகிறது. அங்கே போய்வந்தவர்களைப் பற்றிப் பிறர் ஆராயத் தேவையில்லை. ஓய்வு பெற்றதும் அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். பொழுதில் சிக்கல் ஏதுமில்லை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரலில் ஒதுக்கீட்டுக் கடிதம் வரவில்லை என்பதால் பயிற்சி இல்லை. மழைக்காலத்தில் மழை என்பதால் இல்லை. பிப்ரவரியில், செலவாகாத பணம் சரண்டர் ஆகிவிடும் என்ற செய்தி வந்ததும் ஊழியர்களின் அறியாமை திடீரென்று கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே வெளிப்பயிற்சி தழைப்பது மாசியிலும் பங்குனியிலும். இவை இரண்டும் பின்பனிக் காலம். பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் ஏன் தொல்காப்பியர் உரியதாக்கினார் என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை இல்லை. அவர் காலத்தைக் கணிக்க எத்தனையோ சான்றுகளைத் தேடியவர்கள் நிதியாண்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டது ஏனோ தெரியவில்லை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், ஆண்டின் கடைசி மாதங்களில் செலவு குவிவதை நிதி ஒழுங்கு மீறலாகக் கருதுகின்றன. கடைசிக் காலாண்டில் 33 விழுக்காடு, மார்ச்சில் மட்டும் 15 விழுக்காடு என்று மத்திய நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்துப் பார்த்திருக்கிறது. ஒரு பழக்கத்தைத் தடுக்க இவ்வளவு நுண்ணிய எண்கள் தேவைப்பட்டன என்பதே அப்பழக்கத்தின் தொன்மைக்கு அகச்சான்று.

நிலம் ஐந்து. குறிஞ்சி: ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல். இதன் உரிப்பொருள் புணர்தல். கோப்பும் ஒதுக்கீடும் ஒன்று சேர்வது. இதற்குக் களவு, கற்பு என இரு கைகோள் உண்டு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி ஊரறிய விளம்பரம் செய்து முடிப்பது கற்பு. ஒரே எழுத்துருவில், ஒரே எழுத்துப்பிழையோடு மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் ஒரே தபாலில் வந்து சேர்வது களவு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ‘பேசவும்’ என்று ஓரத்தில் எழுதித் திரும்பி வந்த கோப்போடு, பேச வேண்டியவர் முகாமிலிருந்து வரும்வரை ஆற்றியிருப்பது. மருதம் ஊடல்: பட்டியலில் தன் பெயர் இல்லாமல் அடுத்த மேசைக்காரர் பெயர் இருப்பதைக் கண்டவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நெய்தல் இரங்கல்: மாமல்லபுரம், கோவளம் போய்வந்தவர் பயணப்படிப் பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்பிவிட்டு வரும் வரும் என்று பார்த்திருத்தல். பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கொள்கை. அதன் உண்மையை எந்த அலுவலகத்திலும் சோதிக்கலாம். ஊட்டி விடுதியாகப் பிறக்கும் கருத்துரு, ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க மாவட்டத் தலைநகரின் திருமண மண்டபமாகி, கடைசியில் அதே அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் மின்விசிறி ஓடாத கூட்ட அரங்காக வறண்டுவிடுகிறது. கடலோர மீன்வளம் பற்றிய பயிற்சியைக் கொடைக்கானலில் வைக்கலாமா எனின், வைக்கலாம், திணைமயக்கம் விலக்கப்பட்டதன்று.

ஐந்திணைக்கு இரு மருங்கிலும் உள்ள கைக்கிளையையும் பெருந்திணையையும் இங்கேயே சொல்லி முடிக்கலாம். பயிற்சி வேண்டும் என்று ஒருவர் தாமே மனுப்போட, எந்தப் பதிலும் வராமல் இருப்பது கைக்கிளை. இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவரைத் தலைமைப்பண்பு வளர்க்க அனுப்புவது பெருந்திணை.

கருப்பொருள்: உணவு, மாரி பிஸ்கட்டும் வெஜிடபிள் பிரியாணியும். பறை, மைக்கின் கீச்சொலி. தெய்வம், புரொஜக்டர், எப்போது எழுந்தருளும் என்று எவரும் அறியார். தொழில், குழுக்களாகப் பிரிந்து சார்ட் தாளில் எழுதுதல். இங்கும் ‘பிரிந்து’ என்றே வருதல் காண்க.

இனித் தலைவன். பாலையில் பிரிபவன் யார் என்பதே இவ்வாய்வின் மையம். பயிற்சிக்கு ஆள் கேட்டு வரும் சுற்றறிக்கைகளில் ‘உரிய அலுவலரை உடன் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்ற பாடம் காணப்படுகிறது. ‘உரிய’ என்பதற்குத் தகுதியுடைய, தேவையுடைய, தொடர்புடைய என்று பொருள் சொல்லிவந்தனர். இப்பொருள் எதுவும் நடைமுறையோடு பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் பாடத்தை ஐயுறுவதே பதிப்பு மரபு. இங்கு மூலபாடம் ‘உபரி’ என்று இருந்திருக்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் பகர எழுத்து தேய்ந்துபோக ‘உரி’ என்று நின்றது. பொருள் விளங்காத எழுத்தர் ஒரு யகரம் சேர்த்து ‘உரிய’ எனத் திருத்தினார். இதை மறுப்போர், பகரம் தேய்ந்திருந்தால் ‘அனுப்பி’ என்ற சொல்லும் சிதைந்திருக்குமே என்பர். அவர்கள் பார்த்தது மூன்றாம் கார்பன் நகல். முதல் நகலை மேலதிகாரி வைத்துக்கொண்டார். இரண்டாம் நகல் கோப்பில் உள்ளது, கோப்பு கிடைக்கவில்லை. இரும்பு அலமாரியின் மேல்தட்டில், ஒட்டடைக்கும் உடைந்த சுவர்க்கடிகாரத்துக்கும் இடையில் கிடைத்த ஐந்தாம் நகலில் தலைப்பைக் கரையான் அரித்திருந்தது. கீழ்ப்பாதி வடை மடிக்கப் போயிருந்தது. எஞ்சிய நடுப்பகுதியில் எண்ணெய்க் கறைக்கு அடியில், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், உகரத்தை அடுத்து ஒரு வளைவு தெரிகிறது. அது பகரமே என்பது தேநீர்க்கடை மரபு. இறந்துபோன கொசு என்பது தலைமையிட மரபு. ஒரு வளைவை வைத்து ஒரு நாகரிகத்தையே நிறுவிய அறிஞர்களைப் போற்றும் உலகம் இந்தப் பகரத்தை மட்டும் மறுப்பது நடுநிலை அன்று.

பாடம் எதுவாயினும் பொருள் ஒன்றே: வெளிப்பயிற்சிக்குப் போகிறவர் பயிற்சி தேவைப்படுகிறவர் அல்லர், யார் இல்லாமலும் அலுவலகம் இயங்குமோ அவரே. இதற்குச் சான்று சுற்றறிக்கை பயணப்படும் முறையிலேயே உள்ளது. தலைமையிடத்திலிருந்து மண்டலம், மண்டலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டம் என்று கடிதம் இறங்கி வந்து சேரும்போது பெயர் அனுப்ப வேண்டிய கடைசி நாள் நேற்றாக இருக்கும். அந்த நேரத்தில் எவருக்கு எந்தத் திறன் குறைவு என்று ஆராய முடியாது. எவர் மேசையில் வேலை குறைவு என்று எட்டிப் பார்க்கத்தான் முடியும். வேலை தெரிந்தவரிடம் வேலை குவிவதும், தெரியாதவரிடம் கொடுக்கத் தயங்குவதும் எங்கும் உள்ளது. ஆகவே ஓய்வாக இருப்பவர் ஒருவரே ஒவ்வொரு முறையும் அகப்படுகிறார். கணினி, தகவல் பெறும் உரிமைச் சட்டம், மன அழுத்த மேலாண்மை, பேரிடர் மீட்பு என அனைத்துச் சான்றிதழ்களும் ஒரே பணிப்பதிவேட்டில் சேர்கின்றன. மன அழுத்தம் உள்ளவருக்கு மன அழுத்தப் பயிற்சிக்குப் போக நேரமில்லை.

அற்றேல், 2012ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை, பணிக்கு வேண்டிய திறன் எது, ஊழியரிடம் உள்ள திறன் எது என்று அளந்து பயிற்சி தரச் சொல்கிறதே எனின், சொல்கிறது. ஊதியச் செலவில் குறைந்தது 2.5 விழுக்காட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கவும் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் கொள்கையில் இது 1.5 விழுக்காடாக இருந்தது. இரண்டு கட்டளைகளையும் ஒரு கண்காணிப்பாளர் மேசையில் வைத்துப் பாருங்கள். திறனை அளக்கக் கருவி இல்லை, நேரம் இல்லை. விழுக்காட்டைக் கணக்கிட ஒரு கால்குலேட்டர் போதும். எண் உள்ள கட்டளை நிறைவேறும், எண் இல்லாதது கோப்பில் இருக்கும். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1955இல் ஒரு போலி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 1914இல் 62; 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையக அலுவலர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினர். வேலை குறைந்தாலும் அலுவலர் பெருகுவர் என்ற இதை நகைச்சுவை என்று எழுதியவர் நினைத்தார். மேலாண்மைப் பாடநூல்கள் விதியாக்கிவிட்டன. அவ்விதியைப் புரொஜக்டரில் காட்டி அரை நாள் வகுப்பெடுக்க வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால், அதுவும் அந்த 2.5 விழுக்காட்டில் சேரும்.

பயன் அளக்கப்படுகிறதே எனின், அதையும் காண்போம். அமெரிக்காவின் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் வகுத்தார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு உண்டா. நம் கருத்துப் படிவம் வகுப்பு முடிய 10 நிமிடம் இருக்கும்போது, வாசலில் பேருந்து ஹாரன் அடிக்கத் தரப்படுகிறது. ஆகையால் முதல் படியோடு நிற்கிறது. அதிலும் ‘உணவு’ என்ற வரியில் மட்டும் பங்கேற்றவர்கள் சொந்த நடையில் எழுதுகிறார்கள். நான்காம் படியை ஏற முயன்றால் வேறொரு தடை. பயிற்சி பெற்றவர் திரும்பி வரும்போது பணிமாறுதல் ஆணை காத்திருக்கிறது. நிலமெடுப்பு பற்றிக் கற்றவர் சமூகநலத் திட்டப் பிரிவுக்குப் போகிறார். அவர் விட்ட இடத்துக்கு வருகிறவர் முதியோர் ஓய்வூதியம் பற்றிக் கற்றவர். கற்ற பொருளும் கற்றவரும் பிரிகின்றனர். பாலை என்று முன்னரே சொன்னோம்.

இணையவழிப் பயிற்சி வந்துவிட்டதால் இனிப் பிரிவே இல்லை என்பர் புதுமையாளர். 2020இல் ஒப்புதல் பெற்ற மிஷன் கர்மயோகித் திட்டமும் அதன் ஐகாட் தளமும் ஊழியரை மேசையிலேயே இருத்திப் பாடம் காட்டுகின்றன. முல்லைத்திணை மீண்டது போலத் தோன்றும். அன்று. காணொளி ஒரு சாளரத்தில் ஓட, ஊழியர் மற்றொரு சாளரத்தில் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்க முடிகிறது. காணொளி ஓடி முடிய ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. உடல் இருக்க மனம் பிரிவதை உரைகாரர் எவரும் தனித்துறையாக வகுக்கவில்லை. வகுத்தால் ஒரு முனைவர் பட்டத்துக்கு இடமுண்டு.

கடைசியாக ஒரு புறனடை. இல்லாவிட்டாலும் குறையாதவரே போவார் என்று மேற்சொன்ன விதியின்படி, எந்த அலுவலகத்திலும் எந்தப் பயிற்சிக்கும் போகாத ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் பயிற்சிப் பிரிவு உதவியாளர். விலைப்புள்ளி வாங்குவது, பெயர்ப்பட்டியல் தயாரிப்பது, விடுவிப்பு ஆணை போடுவது, பேனாவும் பையும் எண்ணிக் கொடுப்பது, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவது எல்லாம் அவர் கையில் இருப்பதால் அவரை ஒருநாளும் விட முடியாது. பயிற்சிகளை ஒருங்கிணைப்பது எப்படி என்று மார்ச் மாதத்தில் மூன்று நாள் பயிற்சி அறிவிக்கப்பட்டால் அந்தச் சுற்றறிக்கையும் அவர் மேசைக்கே வரும். அவர் அதில் கடைசி நாளைப் பார்ப்பார், நேற்று என்று காண்பார், எதிரே தினத்தாள் மடித்துக்கொண்டிருப்பவரின் பெயரை எழுதி, முன்தேதியிட்டு, உரிய வழியில் அனுப்பிவைப்பார்.