மயிலின் கழுத்தில் ஏழு: ஓர் ஆய்வு

எண் பார்த்து வண்ணம் தீட்டும் தாள் கடையிலேயே கிடைக்கும்போது அதை வீட்டில் செய்வானேன் என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அக்கா மகள் மயில் கேட்டாள். கடையில் இருந்ததெல்லாம் ஒற்றைக்கொம்புக் குதிரை. ஆய்வின் தோற்றுவாய் இதுவே.

முன்னோர் மரபு உண்டு. 1950களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரப் பெயிண்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த டான் ராபின்ஸ், இந்த முறையைப் பெட்டியில் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். லியொனார்டோ டா வின்சி தம் சீடர்களுக்கு எண் போட்டுக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதே தூண்டுதல் என்றார். வாங்குகிற ஒவ்வொருவரும் ரெம்பிராண்ட் ஆகலாம் என்பது விளம்பரம். இவ்வாய்வாளருக்கு அவ்வளவு பேராசை இல்லை. மயில், கோழியாகத் தெரியாதிருந்தால் போதும்.

காலண்டர் மயிலின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பென்சிலால் எல்லைக்கோடு போட வேண்டும். தோகையை உள்ளது உள்ளபடி வரைந்தால் அரிசிமணி அளவில் நூறு துண்டுகள் விழும். கிரேயான் முனை நுழையாத இடத்துக்கு எண் கிடையாது என்று விதி செய்து, துண்டுகளை இணைத்தேன்.

எத்தனை வண்ணம் தேவை? பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒரே நிறமாகாதிருக்க எந்த வரைபடத்துக்கும் நான்கே போதுமோ என்ற ஐயம் 1852இல் பிரான்சிஸ் கத்ரிக்கு வந்தது, இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு வண்ணமிடும்போது. 1879இல் கெம்பி நிறுவிவிட்டார். 1890இல் ஹீவுட் அந்த நிறுவலில் ஓட்டை கண்டார். 1976இல்தான் அப்பெலும் ஹாக்கனும் கணினியைத் துணைக்கழைத்து முடித்துவைத்தார்கள். 124 ஆண்டு உழைப்பின் சாரத்தை அக்கா மகளிடம் எடுத்துரைத்தேன்.

"பெட்டியில பன்னெண்டு இருக்கே மாமா?"

ஒன்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

அங்கேதான் சிக்கல். குழந்தைகள் தரையில் குப்புறப் படுத்து, தாளை எந்தத் திசையிலும் திருப்பி வண்ணமிடுவார்கள். 6 தலைகீழானால் 9. மரக்கிளை ஆரஞ்சு நிறமாகிவிடும். அடிக்கோடு போடலாம்தான். ஆனால் ஆய்வாளர் என்றால் கொஞ்சம் மேலே போக வேண்டாமா? தமிழ் எண்களில் ௬, ௯ இரண்டும் தலைகீழானாலும் ஒன்றையொன்று ஒத்திருக்காது. பெருமிதத்தோடு தாள் முழுதும் தமிழ் எண்களை இட்டேன்.

"மாமா, மயில் முதுகுல ஏன் அ, உ, எ எழுதியிருக்கு?"

பழையபடி 6, 9, அடிக்கோடு.

இறுதிப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்த மயிலின் கழுத்து நல்ல ரோஸ் நிறம். அங்கே 7 என்று தெளிவாகவே போட்டிருந்தேன். 7 என்றால் நீலம். விதிமீறல் என்று குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தபோதுதான் தாளின் அடியிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். '7 - நீலம்' என்பதில் நீலத்தை அடித்து, பக்கத்தில் குண்டு குண்டாக 'ரோஸ்' என்று எழுதியிருந்தாள்.