பயாஸ் துறைக்கு ஒரு பட்டா மனு

பெறுநர்:
உயர்திரு பயாஸ் எழுதும் பிரிவின் தலைவர் அவர்கள்,
பெயர் குறிப்பிட முடியாத ஒரு லேப்டாப் நிறுவனம்.

பொருள்: கார்ட்பஸ் கார்டுக்கு எண் ஒதுக்காமல் விட்டமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் கார்ட்பஸ் வகை வயர்லெஸ் கார்டைச் செருகுகிறேன். ஸ்லாட் 0-இல் கார்ட்பஸ் கார்டு செருகப்பட்டது என்று லினக்ஸ் கர்னல் உடனே பதிவேட்டில் எழுதிவிடுகிறது. ஆனால் பிசிஐ சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் கார்ட்பஸ் பாலம் வரைக்கும்தான் பட்டியல். வருகைப் பதிவு உண்டு, ஆளைக் காணோம்.

வழக்கம்போல லினக்ஸைத்தான் முதலில் திட்டினேன். டிரைவர் சரியில்லை, துளை தேய்ந்துவிட்டது என்றெல்லாம் நண்பர்கள் சொன்னார்கள். தங்கள் உதவி மையமோ, "விண்டோஸில் வேலை செய்கிறதே சார்" என்று முடித்துக்கொண்டது. பழைய 16 பிட் மோடம் கார்டு ஒன்றை அதே துளையில் போட்டேன். சமர்த்தாக வேலை செய்தது. அப்போதுதான் சந்தேகம் தங்கள் பக்கம் திரும்பியது. 16 பிட் கார்டுக்கு பிசிஐ பஸ் எண் தேவையில்லை. 32 பிட் கார்ட்பஸ் கார்டுக்கு அது இல்லாமல் கதி இல்லை.

அந்த எண்ணைக் கொடுக்கவேண்டியவர் தாங்கள். கார்ட்பஸ் பாலத்துக்கு மேலே இருக்கும் பிசிஐ பாலத்துக்கு '02 முதல் 02 வரை' என்று எல்லைக்கல் நட்டுவிட்டீர்கள். கார்ட்பஸ் பாலத்துக்கோ 03 முதல் 06 வரை வேண்டும். 03-ஐத் தேடிப் போகிற கோரிக்கையை, இது என் எல்லையில் இல்லை என்று மேல்பாலம் திருப்பிவிடுகிறது. வீடு கட்டி, கரண்ட் கனெக்‌ஷனும் கொடுத்துவிட்டு, பட்டா மட்டும் தரமாட்டேன் என்கிற தாலுகா ஆபீஸ் தோற்றது. பஸ் எண்கள் 255 வரை இருக்கின்றன ஐயா. இரண்டோடு நிறுத்திய சிக்கனம் யாருக்காக?

இந்தக் கார்டுகளுக்கு விதிமுறை வகுக்க 1989-இல் தொடங்கிய பிசிஎம்சிஐஏ சங்கத்தார் பாவம், கார்டின் 68 முனைகளில் எதில் எது ஓடவேண்டும் என்று உட்கார்ந்து எழுதிவைத்தார்கள். தாங்கள் எழுதவேண்டியிருந்தது ஒரே ஒரு பைட்.

கர்னலுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. 03 முதல் 06 வரையிலான பஸ்கள் மேல்பாலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, 'பிசிஐ=அசைன்-பஸ்ஸஸ்' போட்டுப் பாருங்கள் என்று தானே யோசனை சொல்கிறது. பூட் லோடரான கிரப்பில் அந்த வரியைச் சேர்த்து மறுபடி பூட் செய்தால், தங்கள் ஒதுக்கீட்டு உத்தரவை ரத்து செய்துவிட்டு எண்களைத் தானே போட்டுக்கொள்கிறது. மேலதிகாரியின் ஆணையைக் கீழ்நிலை ஊழியர் திருத்துவது ஒழுங்கீனம்தான். ஆனால் கார்டு வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். தங்கள் ஏசிபிஐ நிரல் பூட் ஆகும்போது, "நீ விண்டோஸ் 2001-ஆ? விண்டோஸ் 2006-ஆ?" என்று விசாரிக்கிறது. லினக்ஸ் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க ஐயா" என்கிறது. "லினக்ஸா?" என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சாதிக்கிறது. உண்மையைச் சொன்னால், யாரும் சோதித்தே பார்க்காத வழியில் தாங்கள் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்பது அனுபவம்.

ஆகவே, அடுத்த பயாஸ் பதிப்பிலாவது அந்த இரண்டாவது 02-ஐ 06 ஆக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிப்பை, விண்டோஸில் மட்டும் ஓடும் ஈஎக்ஸ்ஈ கோப்பாக அனுப்பாமல் இருந்தால் இன்னும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் 'விண்டோஸ் 2006' என்று இருக்கும்
லினக்ஸ்காரன்

இணைப்பு: கர்னல் பதிவேட்டின் நகல் 1