ஆகாயத்தில் கிட்ட, தரையில் எட்ட

வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஆலங்குடாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர்தான். காகம் விடியப் புறப்பட்டால் பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காகத்துக்கு இரத்மலானை போய் விமானம் ஏறவேண்டிய வில்லங்கம் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் வந்து குடியேறியது ஆலங்குடா இருக்கும் இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். அதனால் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அழைப்பு வரும். என் மாமிக்கும் வந்தது.

கனடாவிலிருந்து மருமகன் போனில் சொன்னான்: "மாமி, பஸ்ஸில கிடந்து அலையாதீங்க. பிளேன்ல போங்க, ஒரு மணித்தியாலந்தான்."

அவனுக்கென்ன, அவன் இருக்கும் நாட்டில் வான்கூவரிலிருந்து டொரொண்டோவுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் பறந்தாலும் உள்ளூர்ப் பயணம். பாரிஸிலிருந்து ரீயூனியன் தீவுக்குப் பதினொரு மணித்தியாலம் பறந்து இறங்கினாலும் பிரான்ஸ்தான். இலங்கையின் முழு நீளமே சுமார் 430 கிலோமீற்றர்.

வடக்கே போகவேண்டிய மாமியும் நானும் தெற்கே கிளம்பினோம். பாலாவி, சிலாபம், நீர்கொழும்பு. கட்டுநாயக்கவில் தலைக்கு மேலே துபாய்க்கும் தோஹாவுக்கும் விமானங்கள் ஏறின. எங்களுடையதோ கொழும்பையும் தாண்டி இரத்மலானையில். வந்து சேர்ந்தபோது மாமி கேட்டா: "மகன், இன்னுங் கொஞ்சம் போனா காலியே வந்திருமே?"

சின்ன விமானம், எங்கள் கருவாட்டுப் பெட்டியோடு எங்களையும் நிறுத்தார்கள். மாமி செருப்பைக் கழற்றினா, கைப்பையை என்னிடம் தந்தா, மூச்சையும் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினா. இறங்கியதும் முகம் கறுத்துவிட்டது. "கருவாட்டையும் என்னையும் ஒரே தராசிலயா நிறுக்கிறது?"

விமானம் கிளம்பி வடக்கே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் புத்தளம் களப்பு பளபளத்தது. அதற்கு அப்பால் தெரிந்த மணல் திட்டுத்தான் எங்கள் ஊர். விடிய எழும்பி, பஸ் மாறி மாறி, பணமும் கட்டி, எங்கள் வீட்டையே கடந்து போய்க்கொண்டிருந்தோம். "இங்க இறக்கிவிடச் சொல்லு மகன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்றா மாமி.

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானமும் இதே இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராசுக்குப் போனது. அன்றைக்கும் ஆலங்குடாவில் நிற்கவில்லை. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னைக்கும் இரத்மலானைக்கும் ஆகாயத்தில் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், மற்றதற்கு மாமியின் பொறுமை வேண்டும்.

கணக்கைக் கூட்டினேன். இரத்மலானைக்குத் தரையில் 170 கிலோமீற்றருக்குக் குறையாது, பலாலிக்கு ஆகாயத்தில் 330. ஆக, 180 கிலோமீற்றர் தூரத்தை நாங்கள் 500 கிலோமீற்றரில் கடந்திருக்கிறோம். அநுராதபுரம், வவுனியா வழியாக பஸ்ஸில் போனால் முந்நூற்றுச் சொச்சம்.

ஆகவே, கற்பிட்டிக் கரையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணம் போக நினைப்பவர்களே, வெளிநாட்டு மருமகன் சொல்வதைக் கேட்காதீர்கள். புத்தளத்தில் அநுராதபுரம் பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கே கருவாட்டையும் நிறுக்கமாட்டார்கள், உங்களையும் நிறுக்கமாட்டார்கள்.