ஹார்ன் அடிக்காத ஊரிலிருந்து

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் எழுதினால் அத்தைதான் வாசித்துக் காட்டுகிறார்கள், பாதியை விழுங்கிவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அதனால் இதைத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "ஏ மருமவனே, இம்புட்டு வண்டி போகுது, ஒருத்தனும் ஹார்ன் அடிக்கலியே. எல்லாவனுக்கும் ஹார்ன் ரிப்பேரா?" திருவள்ளுவர் பஸ் ஓட்டித் திருநெல்வேலிக்கும் மெட்ராஸுக்கும் நடுவே ஆயுளைக் கழித்தவர் கேட்கிற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் மரியாதையாக இருக்காது.

ஹார்ன் ரிப்பேர் இல்லை மாமா. எல்லா வண்டியிலும் நன்றாகவே இருக்கிறது. நம் ஊரில் ஹார்ன் அடித்தால் "வாரேன்", "ஒதுங்கிக்கோ", "மாடு பார்த்து", "அண்ணாச்சி சௌக்கியமா" என்று எதுவாகவும் இருக்கும். இங்கே ஒரே அர்த்தம்தான்: பிறப்பை இழுத்துத் திட்டுவது. ஆகவே நாலு வருஷத்துக்கு ஒருமுறை, உயிர் போகிற கட்டத்தில் மட்டும் அடிக்கிறார்கள். ஊருக்குள் இரவு 11.30 மணியிலிருந்து காலை 7 வரை அதைத் தொடவே கூடாது என்று விதிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. உங்களுடைய அந்த மூன்று சுதி ஏர் ஹார்னை இங்கே ஒரு தடவை அடித்தால் நாலு தெரு சேர்ந்து கவுன்சிலுக்கு மனு எழுதும்.

இனி லேன் சமாச்சாரம். மோட்டார்வே என்று இவர்கள் சொல்லும் பெரிய சாலைகளில் பெரும்பாலும் ஒரு திசைக்கு மூன்று லேன், நாலு லேன். லண்டனைச் சுற்றி ஓடும் எம்.25 சாலையில் ஹீத்ரோ விமான நிலையத்துப் பக்கம் இரண்டு திசைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். விதி ரொம்பச் சுருக்கம்: இடது லேனில் போ. முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால் வலது பக்கம் ஏறி முந்து. முந்தியதும் இடதுக்கே திரும்பி வந்துவிடு. மற்ற லேன்கள் எல்லாம் முந்துவதற்கு மட்டும். கனரக லாரிகளுக்கு வலது கோடி லேன் அடியோடு கிடையாது. அதற்கு மேல் 90 கிலோமீட்டரைத் தாண்ட விடாத கட்டுப்பாட்டுக் கருவியும் எஞ்சினில் வைத்துவிட்டார்கள்.

இதில் இடது பக்கமாக முந்துவது பெரும் பாவம். நம் ஊரில் எந்தப் பக்கம் சந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் புகுந்து போய்விடுவோம். இங்கே அப்படிப் போனால் கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு வரலாம். அதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது.

இடது லேன் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருக்கும். ஆனாலும் ஒரு ஆள் நடு லேனில், சாப்பிட்டு முடித்தும் இலையை மூடாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைப் போல, 60 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்று முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவருக்குப் பின்னால் இடது லேனில் ஒழுங்காக வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? இண்டிகேட்டர் போட்டு நடு லேனுக்கு வந்து, மறுபடி போட்டு வலது லேனுக்கு ஏறி, பெரியப்பாவை முந்தி, மறுபடி நடு லேன், மறுபடி இடது லேன் என்று மொத்தமாக நாலு லேன் மாற வேண்டும். சிலர் வேண்டுமென்றே இந்த வலத்தை முழுசாகச் சுற்றி, அவர் மூக்குக்கு முன்னால் இடது லேனில் வந்து நின்று பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். பெரியப்பா அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கிறவராக இருந்தால் நடு லேனில் என்ன வேலை? 2013 ஆகஸ்ட் முதல் இந்தக் குற்றத்துக்குப் போலீஸ்காரரே அந்த இடத்தில் 100 பவுண்டு அபராதமும் மூன்று பாயின்டும் போடலாம். பெரியப்பாக்கள் குறைந்த மாதிரி தெரியவில்லை.

பாயின்ட் என்றால் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். லைசென்ஸில் விழுகிற கரும்புள்ளி. மூன்று வருஷத்துக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கினவனுக்கு முதல் இரண்டு வருஷத்தில் ஆறு சேர்ந்தாலே போச்சு, திரும்ப எல் போர்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு இன்சூரன்ஸ்காரன் ஒவ்வொரு பாயின்டையும் கேட்டுக் கேட்டுப் பிரீமியத்தை ஏற்றுவான்.

வேகக் கட்டுப்பாடு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர். இது வந்த கதையைக் கேளுங்கள். 1958இல் பிரெஸ்டன் ஊரைச் சுற்றி முதல் மோட்டார்வேயைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் எம்.1. அப்போது வேகத்துக்கு எல்லையே கிடையாது. 1964இல் பந்தயத்துக்குத் தயாரான ஒரு ஏ.சி. கோப்ரா காரை விடிகாலையில் எம்.1 சாலையில் 180 மைலுக்கு மேல் விரட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் ஒரே களேபரம். மறுவருஷம் மூடுபனியில் வண்டிகள் வரிசையாக மோதிக்கொள்ள, 1965 டிசம்பரில் 70 மைல் என்று ஒரு எல்லை போட்டார்கள், நாலு மாதச் சோதனைக்கு மட்டும். 1967இல் அதை நிரந்தரமாக்கியவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது! நாலு மாதத்துக்கு என்று போட்டது அறுபது வருஷமாக நிற்கிறது. தற்காலிகம் என்று சர்க்கார் சொன்னால் அது எவ்வளவு காலம் என்பதில் எல்லா நாடும் ஒன்றுதான்.

70 என்று சட்டம் சொன்னாலும் சாலையில் 70இல் போனால் உங்களை முந்துகிறவர்களை எண்ண முடியாது. பத்து சதவீதமும் அதற்கு மேல் இரண்டு மைலும், ஆக 79ஐத் தொடும்வரை போலீஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது என்பது ஊரறிந்த கணக்கு. சட்டப்படி 71 போனாலும் குற்றம்தான், ஆனாலும் எல்லோரும் வேகமானியை 78இல் நிறுத்திக்கொண்டு உத்தமர்களாகப் போவார்கள். மஞ்சள் கேமரா தெரிந்ததும் 78இல் வந்தவர்கூட ஒரு பிரேக் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். ரோட்டு வேலை நடக்கும் இடங்களில் அந்த வித்தை பலிக்காது. அங்கே இரண்டு கேமராவுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி வேகத்தைப் பிடித்துவிடுவார்கள். ஆகையால் மைல் கணக்கில் அத்தனை வண்டியும் 50இல், ஒன்றையொன்று பார்க்காமல், துக்க வீட்டு ஊர்வலமாகப் போகும்.

கேமராவில் மாட்டிக்கொண்டால் கை காட்டி நிறுத்துவதெல்லாம் இல்லை. பதினாலு நாளுக்குள் வீட்டுக்குக் கடிதம் வரும். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர், ஓட்டியது யார் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம்தான் மீறினீர்கள் என்றால் பாயின்டுக்குப் பதிலாகக் காசு கட்டி வகுப்புக்குப் போகலாம். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் போனார். கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட உட்கார்ந்து, டாக்டர், வக்கீல், பாதிரியார் என்று பத்துப் பேர் நடுவில், "நான் ஏன் அவசரப்பட்டேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டுமாம். அபராதம்கூடப் பரவாயில்லை, அந்த ஆசிரியை "அப்புறம் எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கனிவாகக் கேட்டதுதான் தாங்கவில்லை என்றார்.

ஓட்டியது யார் என்ற அந்தக் கடிதம் சில குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. இதை அத்தைக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். கிறிஸ் ஹூன் என்று ஒரு அரசியல்வாதி. 2003இல் எம்.11 சாலையில் கேமராவில் சிக்கினார். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, ஓட்டியது மனைவி என்று காட்ட, மூன்று பாயின்டும் அந்த அம்மாள் பேரில் விழுந்தது. காலம் ஓடியது, அவர் மத்திய அமைச்சர் ஆனார். அப்புறம் வேறொரு பெண்ணோடு போவதற்காக மனைவியை விட்டுப் பிரிந்தார். அந்த அம்மாள் பழைய மூன்று பாயின்ட் கதையைப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். கடைசியில் 2013இல் நீதிமன்றம் இருவருக்கும் எட்டு மாதச் சிறை கொடுத்தது. பதவி போய், குடும்பம் போய், சிறைக்கும் போனது வெறும் மூன்று பாயின்டுக்காக. அதனால் எங்கள் வீட்டில் கார் சாவியை யார் எடுத்தாலும் காலண்டரில் பேர் எழுதிவிட்டுத்தான் எடுக்கிறோம்.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். சைடு கொடுத்தவருக்கு நன்றி சொல்வது இங்கே கடமை. ஸ்டியரிங்கிலிருந்து கையைக் கொஞ்சம் உயர்த்துவார்கள், ராத்திரியானால் நாலு பக்க இண்டிகேட்டரையும் இரண்டு தரம் மினுக்குவார்கள். லைட் அடிப்பதைத்தான் நிதானித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம் என்கிறது விதிப் புத்தகம். ஆனால் ஆட்கள் "நீ முதலில் போ", "நன்றி", "முன்னால் போலீஸ்", "வழியை விடுடா" என்று எல்லாவற்றையும் அதே லைட்டில்தான் சொல்கிறார்கள். வலது லேனில் பளபளக்கும் பெரிய கார் ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டு லைட் அடித்தால் அது நன்றி இல்லை என்று சீக்கிரமே புரிந்துவிடும். இரண்டு செகண்டு இடைவெளி விடு, மழையென்றால் நாலு என்பது பாலபாடம். எம்.1 சாலையில் சில இடங்களில் இடைவெளியை அளந்து காட்ட அம்புமுனைக் கோடுகளே போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நம் ஊரில் ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்கும் குடும்பத்தோடு நுழைந்திருக்கும்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துகிறது. நீளமான வண்டி, வால் தாண்டியதா என்று முந்துகிறவருக்குத் தெரியாது. முந்தப்படுகிற லாரிக்காரர், வால் தாண்டியதும் ஹெட்லைட்டை ஒரு தரம் அடிக்கிறார்: "வா அண்ணே, இடம் இருக்கு." இவர் இடதுக்கு வந்ததும் இண்டிகேட்டரை இடம், வலம் என்று மாற்றி மினுக்குகிறார்: "ரொம்ப நன்றி." ஒருவர் போலந்துக்காரராக இருப்பார், இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரராக இருப்பார், முகம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விழுப்புரம் தாண்டி ராத்திரியில் லாரி கிளீனர் கையை வெளியே நீட்டி உங்களை முன்னே போகச் சொல்வாரே, அதே பாஷைதான்.

இவர்கள் எல்லோரும் சாந்த சொரூபிகள் என்று எண்ணிவிடாதீர்கள். பர்மிங்ஹாமுக்கு வடக்கே எம்.6 சாலையில் ரோட்டு வேலை, 800 கஜத்தில் வலது லேன் மூடல் என்று பலகை. அவ்வளவுதான், அத்தனை பேரும் உடனே இடது லேனில் வரிசை கட்டிவிட்டார்கள். வலது லேன் காலி. ஒரு வெள்ளை வேன் மட்டும் அந்தக் காலி லேனில் விர்ரென்று வந்தது. எனக்கு முன்னால் நின்ற லாரி, ஒரு சத்தமும் இல்லாமல், பாதி உடம்பை வலது லேனுக்குள் நகர்த்தி வழியை மறித்துக்கொண்டு ஊர ஆரம்பித்தது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி லாரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். இத்தனைக்கும் வண்டிகள் ஊரும்போது இரண்டு லேனையும் நிரப்பி, கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்ந்துகொள்வதே நல்லது என்று விதிப் புத்தகம் சொல்கிறது. சட்டப்படி அந்த வேன்காரர் செய்தது சரி. வரிசையைத் தாண்டிவிட்டார் என்பதால் இந்த ஊர் வழக்கப்படி மகாபாதகர்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். இங்கே ஹார்ன் தேவைப்படாததற்குக் காரணம், அடுத்த வண்டி என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும் என்பதுதான். அது தெரிவதற்குக் காரணம் பாதி ஒழுக்கம், மீதிப் பாதி வேலி. மோட்டார்வேயில் நடக்கிறவர், சைக்கிள், மொபெட், டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை. நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. ஆகவே இடது லேன் இடது லேனாகவே இருக்கிறது. நம் நாலுவழிச் சாலையில் லாரிக்காரர் வலது லேனை விட்டு நகர மாட்டேன் என்கிறாரே என்று நான் குறைசொன்னபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது: இடது லேனில் பஞ்சர் ஆன வண்டி நிற்கும், ராங் சைடில் மொபெட் வரும், நிழல் கண்ட இடத்தில் வேனை நிறுத்தித் தயிர்சாதம் சாப்பிடுவார்கள், அவன் எங்கே போவான் என்று. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இடது லேனைக் காலியாக வைக்காமல் லேன் ஒழுக்கத்தைப் போதிப்பது வெட்டிப் பேச்சு.

ஆனால் உங்கள் பிள்ளை புதுக் கார் எடுத்திருக்கிறானாம். அவனுக்கு லாரிக்காரருடைய சாக்குச் செல்லாது. இடது லேன் காலியாக இருக்கிற இடத்திலாவது இடதிலேயே போகச் சொல்லுங்கள். முந்தினால் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. நான் சொன்னால் வெளிநாட்டுப் பீற்றல் என்பான். பஸ் ஓட்டிய நீங்கள் சொன்னால் கேட்பான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்