மஹய்யாவவில் வற்றுப்பெருக்கு

கடல் வற்றும்போது மோட்டார் படகு அமர்வதற்குத் தொட்டில் கட்டுவது பற்றி எழுத, கண்டியின் மஹய்யாவ ஆளுக்கு ஒரு தனித் தகுதி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், ஒரு பக்கம் மாத்தளை ரயில் பாதையும் இன்னொரு பக்கம் மயானமுமாக இருக்கிற ஊரில் படகைப் பற்றி எவருக்கும் சார்பு இருக்க முடியாது. சொந்தப் படகு வைத்திருப்பவர் தொட்டிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடைசியில் தன் படகின் அருமை பெருமையில்தான் போய் நிற்பார். கடலைக் காணவே நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டிய நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே நிதானமாகச் சொல்லலாம்: தொட்டில் என்பது படகின் பாரத்தைத் தாங்கத்தான் என்று பலரும் நினைப்பது தவறு. பாரத்தைத் தரையே தாங்கிக்கொள்ளும். படகு மிதக்கவும் செய்யாமல், உட்காரவும் செய்யாமல் இருக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் தொட்டில் வேண்டும்.

இந்தப் பத்து நிமிடம் உலகத்தில் எல்லாக் கரையிலும் கிடைப்பதில்லை. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைத் தொடுவதே இல்லை. காலையில் மிதந்த வள்ளம் மாலையிலும் அநேகமாக மிதந்துகொண்டுதான் இருக்கும். பிரித்தானியாவின் பிரிஸ்டல் கால்வாயிலோ கடல் 14 மீற்றர் வரை ஏறி இறங்கும். காலையில் படகு கட்டிய இடம் மதியம் சேற்று வயலாகக் கிடக்கும். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். நமக்குக் கிட்டிய உதாரணம் குஜராத்தின் காம்பே வளைகுடா. அங்கேயும் ஏற்றம் 10 மீற்றரைத் தொடும். பவ்நகர் துறைமுகத்தில், வற்றும் நேரத்தில் உள்ளே நிற்கிற கப்பல் தரை தட்டாதபடி கதவு போட்டுத் தண்ணீரைப் பூட்டி வைத்தார்கள். பக்கத்திலிருக்கும் அலங்கில் 1983 முதல் நேர் எதிரான தொழில் நடக்கிறது. பெருக்கு நேரத்தில் பழைய கப்பலை முழு வேகத்தில் கரையேற்றிவிட்டு, வற்றியதும் உடைக்கத் தொடங்குவார்கள். அந்தக் கப்பல்களுக்குத் தொட்டில் தேவையில்லை. மறுபடி மிதக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு எந்த வசதியும் தேவையில்லை.

பத்து நிமிடக் கணக்கைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். கடலோடிகள் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் நீர் இறங்கும் அளவு மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று பன்னிரண்டாகப் பிரியும். மொத்தம் 6 மீற்றர் இறங்கும் கரையில் மூன்றாம் மணியில் நிமிடத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் இறங்குகிறது. முதல் மணியில் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. சிறு அலை 25 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், நடு மட்டத்தில் உள்ள தொட்டிலில் படகு பத்து நிமிடத்தில் அமர்ந்துவிடும். உச்ச மட்டத்துக்குக் கிட்ட வைத்த தொட்டிலில் அரை மணி நேரம் தூக்கித் தூக்கிக் குத்தும். கண்டி பஸ் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்குகிறவரின் நிலைதான் அப்போது படகுக்கு. உள்ளே ஏறிவிட்டால் ஆபத்தில்லை, கீழே நின்றாலும் ஆபத்தில்லை. இப்படி ஒரு நாளில் இரண்டு தரம் அமர்வு, இரண்டு தரம் எழுச்சி. பாரத்துக்குப் பயந்து தடித்த இரும்பு வாங்குகிறவர் இந்தக் குத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. செய்ய வேண்டியது இரண்டு: தொட்டிலை நடு மட்டத்தில் வைப்பது, படகு தவறி வெளியே இறங்காதபடி, பெருக்கிலும் தலை தெரிகிற நீளத்துக்கு வழிகாட்டிக் கம்பங்களை நிறுத்தி, அவற்றுக்குப் பழைய டயர் சுற்றுவது. கம்பம் குட்டையாக இருந்தால் ஒருநாள் படகு அதன் மேலேயே வந்து உட்காரும். அதற்குப் பிறகு பேசவேண்டியது காப்புறுதிக்காரரோடு.

‘உச்சத்தில் வைத்தால் என்ன, இறங்கி ஏற லேசாக இருக்குமே’ என்பார்கள். அதற்குப் பதில் சந்திரனிடம் இருக்கிறது. பெரும் பெருக்கு பௌர்ணமிப் போயாவுக்கும் அமாவாசைக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதிலிருந்து ஒரு வாரத்தில் ஏற்றம் சோம்பிப்போகும். பெரும் பெருக்கன்று உச்சியில் ஏற்றிய படகு, அடுத்த பெரும் பெருக்கு வரும்வரை இரண்டு வாரம் உலர்ந்து கிடக்கும். உரிமையாளர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறுக்குப் பதிலாக வாரந்தோறும், சந்திரனின் நான்கு நிலைகளில் வரும் போயாவுக்கு விடுமுறை விட்டார்கள். விடுமுறை நாட்காட்டியும் வற்றுப்பெருக்கும் கைகோத்து நடந்த காலம் அது. உலகத்திலேயே படகுக்காரருக்கு மிகவும் வசதியான நாட்காட்டியை, வற்றுப்பெருக்கே அநேகமாக இல்லாத நாடு ஐந்து வருடம் வைத்திருந்து விட்டுவிட்டது.

அடுத்தது பொருள். மரத்தில் செய்யலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை, முதலில் மிதந்து போகும் யோசனையும் அதுதான். கனமீற்றருக்கு 700 கிலோ உள்ள மரத்தை 1,025 கிலோ உள்ள கடல் நீர் 325 கிலோ பலத்தோடு மேலே தள்ளும். படகு வருவதற்கு முன்பே தொட்டில் அதை வரவேற்கப் போய்விடும். நாகமரம் தண்ணீரில் அமிழும் வகை. ஆனால் அதில் தொட்டில் கட்டக் காசு வைத்திருப்பவர் படகை மிதக்கிற துறைமுகத்திலேயே நிறுத்துவார். மேசன் பாஸைக் கேட்டால் கொங்கிரீட் என்பார். கொங்கிரீட் தண்ணீருக்குள் தன் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இழந்துவிடும். 100 கிலோவுக்குக் காசு கொடுத்து 57 கிலோவை வாங்குவது எந்த ஹார்ட்வெயாரிலும் நல்ல வியாபாரம் அல்ல. இரும்பு 13 சதவீதம்தான் இழக்கும். துருப்பிடிக்கும், உண்மை, அதற்குத் துத்தநாகக் கட்டியைப் பிணைத்து அதைக் கரைய விடவேண்டும்.

தரைக்கு அகலமான பாதம் வேண்டும். இங்கேதான் மஹய்யாவவுக்கு நேரடியாகப் பேச உரிமை வருகிறது, ஏனென்றால் ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை இதற்கென்றே பிறந்தது. படகு 2 தொன், தொட்டில் அரைத் தொன் என்று வைப்போம். நான்கு ஒடுங்கிய இரும்புக் கால்களில் நின்றால் சேற்றில் முழங்கால்வரை இறங்கும். இரண்டே சிலிப்பர் கட்டையைக் குறுக்கே போட்டு, போல்ட் அடித்து இரும்புச் சட்டத்தோடு இறுக்கினால், சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு சராசரி மனிதர் இரண்டு காலூன்றி நிற்கும் அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே சேற்றில் உரிமையாளர் புதையாமல் நிற்க முடிந்தால் படகும் நிற்கும். முதலில் அவரை நிறுத்திப் பார்ப்பது சிக்கனம். படகின் பாரம் அதன் நடு முதுகெலும்பின் மேல்தான் இறங்கவேண்டும். பக்கத்துப் பட்டைகள் சாயாமல் பிடித்தால் போதும், அவற்றில் பாரம் ஏறினால் ஓட்டின் பலகை பிளக்கும். பின்புறம் உந்துவிசிறிக்கும் சுக்கானுக்கும் இடம் விட மறக்கிறவர்கள் அநேகம். வெளிமோட்டார் என்றால் தூக்கி வைத்துக்கொள்ளலாம், உள் மோட்டாருக்கு அந்தக் கருணை கிடையாது.

மிகப் பலமான ஆட்சேபம் இன்னும் இருக்கிறது: இதெல்லாம் எதற்கு, தமிழ்க் கடற்கரையில் தொட்டில் இல்லாமலே காலம் ஓடவில்லையா? ஓடியது. கட்டுமரத்துக்கு விழுவதற்குப் பக்கமே இல்லை. மணலில் இழுத்துப் போட்டால் போதும், அவிழ்த்துக் காயவும் வைக்கலாம். தரையில் படுக்கத் தெரிந்த படகைச் செய்வது, படகுக்காகத் தரையைச் செய்வதைவிடப் புத்திசாலித்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூர்மையான அடியும் கனத்த எஞ்சினும் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. வேகத்தை வாங்கியவர் படுக்கையையும் சேர்த்து வாங்கத்தான் வேண்டும். பக்கத்தில் கழற்றி மாட்டும் கால்கள் போதுமே என்பதும் ஒரு வாதம். கடினத் தரையில் போதும். சேற்றில் ஒரு கால் புதைந்து மறுகால் புதையாமல் நின்றால், தொட்டில் இல்லாததைவிட மோசமாகச் சாயும்.

கண்டி வாவியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-இல் கட்டுவித்த அந்த வாவியில் சந்திரனுக்கு ஒரு செல்வாக்கும் கிடையாது. ஆனால் திகனைப் பக்கம் போனால் விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கிறது, 1985-இல் திறந்தது. அங்கே வற்றுப்பெருக்கு உண்டு. சந்திரனுக்குப் பதில் மழையும் மின்சாரத் தேவையும் அதை நடத்துகின்றன. வறட்சியில் நீர் இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய தெல்தெனிய நகரத்தின் சுவர்கள் வெளியே வரும். அந்த நேரத்தில் கயிற்றைத் தளர்த்திக் கட்டிய படகு எவருடையதோ பழைய வாசற்படியில் போய் அமரலாம். இங்கே அமர்வு பத்து நிமிடத்தில் முடியாது, பத்து நாள் இழுக்கும். போன வருடம் அமர்ந்த மட்டத்தில் இந்த வருடம் அமரவும் மாட்டாது. நிலையான தொட்டில் கட்டினால் பாதி வருடம் ஆழத்துக்குள்ளும் பாதி வருடம் புல்வெளியிலும் நிற்கும். ஆகவே விக்டோரியாவுக்கு ஏற்றது சக்கரம் வைத்த தொட்டில். அதைக் கரையோரம் மேலும் கீழும் நகர்த்த ஒரு ட்ரக்டர். ட்ரக்டரைச் சேற்றிலிருந்து இழுக்க இன்னொரு ட்ரக்டர்.